அம்மாவின் நிறையும் ஸ்கேன் அறிக்கைகளும்: மார்பகப் புற்றுநோயில் எதை எவ்வளவு நம்புவது?

ஆரையம்பதி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. சென்ற மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கல்லுப் போலக் கையில் தட்டுப்படுவதாகச் சொன்னார். மறுநாளே கிளினிக்குக் கூட்டிச் சென்றோம். மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட், பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) மூன்றும் முடிந்து புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடிக்கும் ஏற்பி கட்டியில் உண்டு, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லை, கட்டியின் தரம் மூன்றில் 2 என்று அறிக்கை சொல்கிறது. கமக்கட்டில் உள்ள ஒரு நிணநீர்க்கணுவிலும் நோய் இருப்பதால் முதலில் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

என்னைக் குழப்புபவை இரண்டு விடயங்கள். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 70 கிலோ என்று எழுதி, பக்கத்தில் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண்) 30.3 என்று போட்டு வட்டமிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருவர், "உடம்பு பெருத்தவர்களுக்கு வெட்டி எடுத்தாலும் இந்த வருத்தம் திரும்பி வரும்" என்று அம்மாவின் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டாவது, மமோகிராம் கட்டியின் அளவை 28 மில்லிமீற்றர் என்கிறது, அல்ட்ராசவுண்ட் 23 என்கிறது. அம்மாவின் உடம்பில் உள்ள கொழுப்புத்தான் படத்தைக் குழப்புகிறதா? அப்படியானால் மற்ற முடிவுகளை எப்படி நம்புவது? விடயம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருதமுனை ராத்தா:

தங்கச்சி, முதலில் அந்த உறவுக்காரரை அம்மாவின் கட்டிலருகில் விடாதீர்கள். எனக்கு வலது மார்பில் சத்திரசிகிச்சை நடந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அப்போது என் நிறை 78 கிலோ. கீமோ முடிந்தபோது 84. மெலிந்து போவேன் என்று ஊரே எதிர்பார்த்தது, நானோ பெருத்துப் போனேன். வாந்திக்குத் தரும் மருந்தோடு வரும் ஸ்டீரொயிட், களைப்பினால் படுத்தே கிடப்பது, மாதவிடாய் நின்றுபோவது எல்லாம் சேர்ந்து அப்படிச் செய்யும் என்று பிறகுதான் விளங்கியது. இன்றைக்கும் மூன்று பேரப்பிள்ளைகளுக்கு நான்தான் பிட்டு அவிக்கிறேன். என் கதை ஒருத்தியின் கதை மட்டுமே என்பது எனக்குத் தெரியும், ஆனால் உங்கள் உறவுக்காரர் சொன்னதற்கு அந்த ஒருத்தியின் கதை கூட இல்லை.

கதிர்ப்படக்காரன்:

மட்டக்களப்பிலும் அதற்கு முன் வேறு இடங்களிலும் எக்ஸ்ரே அறைகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியன் இல்லை, ஆகவே படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மகள், மமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். கட்டி வெள்ளையாகத் தெரியும். பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் இழையமும் கூட வெள்ளைதான். அதனால் சுரப்பி இழையம் நிறைந்த மார்பில் கட்டியைத் தேடுவது பால்சோற்றில் தேங்காய்ச் சொட்டைத் தேடுவது போன்றது. கொழுப்பு நிறைந்த மார்பில் கட்டி இருட்டில் வைத்த விளக்குப் போல் நிற்கும். மார்பின் அடர்த்தியை ஏ (பெரும்பாலும் கொழுப்பு) முதல் டி (பெரும்பாலும் சுரப்பி இழையம்) வரை நான்கு வகையாகப் பிரித்து அறிக்கையில் எழுதுவது இதற்காகத்தான். மாதவிடாய் நின்ற, நிறை கூடிய பெண்களின் மார்பு பெரும்பாலும் ஏ அல்லது பி வகையாக இருக்கும். ஆகவே கொழுப்பு மமோகிராமைக் குழப்பும் என்ற பயம் தலைகீழானது. அம்மாவின் அறிக்கையில் அந்த எழுத்து என்ன என்று பாருங்கள்.

கொழுப்பு சிக்கல் தருவது வேறு இடங்களில். முதலாவது கை. பெரிய மார்பில் ஆழத்தில் இருக்கும் கட்டி விரலுக்கு எட்டுவதற்குள் வளர்ந்துவிடும். ஸ்ரொக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தார், ஒழுங்காக மமோகிராம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த பெண்களிலேயே, நிறை கூடியவர்களுக்குக் கண்டுபிடிக்கப்படும் வேளையில் கட்டி 2 சென்ரிமீற்றரைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். ஒழுங்கான பரிசோதனை நடக்கும் நாட்டிலேயே அந்த நிலை என்றால், கையில் தட்டுப்பட்ட பிறகு வருபவர்களே அதிகமாக உள்ள நம் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது அல்ட்ராசவுண்ட். ஒலியலை ஆழம் போகப் போக வலுவிழக்கும். ஆழத்தை எட்டுவதற்குக் குறைந்த அதிர்வெண்ணைத் தெரிவு செய்தால் படத்தின் கூர்மை போய்விடும். மூன்றாவது, தடித்த மார்பை ஊடுருவ மமோகிராம் இயந்திரம் சற்றுக் கூடுதலான கதிரைச் செலுத்தும். நாங்கள் அழுத்தித் தட்டையாக்குவது அந்த அளவைக் குறைக்கவும் நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்கவும்தான். வலித்தது என்று எத்தனையோ தாய்மார் என்னை வைதிருக்கிறார்கள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி 28, 23 கதை. இரண்டு கருவிகளும் ஒரே பொருளை வேறு வேறு முறையில் பார்க்கின்றன. கட்டியைச் சுற்றி நண்டின் கால் போல் நீளும் இழைகளில் எதுவரை அளப்பது என்பது மமோகிராமில் அளப்பவரைப் பொறுத்தது. அல்ட்ராசவுண்ட் பல வேளைகளில் உள்ளதை விடக் கொஞ்சம் குறைத்தே அளக்கும். ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் நாங்கள் நாள்தோறும் கண்ட ஒன்று. நோயின் கட்டத்தைக் குறிக்கும்போது கட்டியின் அளவுக்கு 2 சென்ரிமீற்றரும் 5 சென்ரிமீற்றரும்தான் எல்லைக் கோடுகள். அம்மாவின் இரண்டு அளவுகளும் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. எதை எடுத்தாலும் கட்டம் மாறாது.

அக்கரைப்பற்று நானா:

படத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசுகிறீர்கள், நல்லது. ஆனால் நோய்க்குத் தீனி போடுவது கொழுப்பும் சீனியும் என்பதை யாரும் சொல்லவில்லை. கீமோ தொடங்க இன்னும் சில கிழமைகள் இருக்கும் அல்லவா? அதற்குள் சோறு, சீனி, பால் மூன்றையும் முற்றாக நிறுத்தி, காலையில் பப்பாசி இலைச் சாறு கொடுத்து, பத்துப் பதினைந்து கிலோவைக் குறைத்துவிட்டால் 30 என்ற எண் 24 ஆகிவிடும். ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எண் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது சாதாரண கணக்குத்தானே? என் மச்சினி அப்படித்தான் செய்தார்.

களுவாஞ்சிகுடித் தாதி:

நானா, உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்த ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். கீமோவுக்கு முன் பட்டினி கிடந்து நிறையைக் குறைத்தால் முதலில் கரைவது தசை. தசை கரைந்த உடம்பு மருந்தின் பக்கவிளைவை மோசமாகத் தாங்கும், வெள்ளை அணுக்கள் விழும், காய்ச்சல் வரும், அடுத்த தவணை தள்ளிப் போகும். பப்பாசி இலை உட்பட எந்தச் சாற்றையும் வைத்தியருக்குத் தெரியாமல் கீமோ மருந்தோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது.

இன்னொரு விடயத்தை மகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் நிறையையும் வைத்து உடலின் மேற்பரப்பளவைக் கணக்கிட்டே தீர்மானிப்பார்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையைக் கிலோவிலும் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது வழக்கமான ஒரு முறை. அம்மாவின் 152, 70 என்ற எண்களுக்கு 1.72 சதுர மீற்றர் வருகிறது. முன்பு உலகெங்கும் ஒரு பழக்கம் இருந்தது: நிறை கூடியவருக்கு முழு அளவையும் கொடுத்தால் தாங்கமாட்டார் என்று பயந்து, அவர் 50 கிலோ இருந்தால் எவ்வளவு கொடுப்போமோ அந்த அளவையே கொடுப்பது. 50 கிலோவுக்கு மேற்பரப்பளவு 1.45 தான். அதாவது மருந்து ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துபோகும். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கமான ஆஸ்கோ 2012 இல் வெளியிட்ட வழிகாட்டலில், உடல் பருமனானவர்களுக்கும் உண்மையான நிறைக்கு உரிய முழு அளவையே கொடுக்க வேண்டும், அதனால் நச்சு விளைவு கூடுவதில்லை என்று எழுதினார்கள். நிறை கூடியவர்களுக்குச் சிகிச்சை பலிப்பது குறைவு என்று பழைய ஆய்வுகள் சொன்னதில் ஒரு பங்கு, அவர்களுக்குக் கொடுத்த மருந்தே குறைவாக இருந்ததால் வந்தது.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன் அம்மாவை நிறுத்து எழுதுகிறார்களா என்று பாருங்கள். செருப்போடும் கைப்பையோடும் தராசில் ஏறும் தாய்மாரை நான் நாள்தோறும் இறக்கிவிடுகிறேன். உயரத்தை அடையாள அட்டை எடுத்த காலத்து ஞாபகத்தில் சொல்பவர்களும் உண்டு. அதையும் புதிதாக அளக்கச் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை வாசகன்:

நான் புள்ளிவிவரம் கற்பிப்பவன். மருத்துவம் என் துறை இல்லை, ஆனால் "எண் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது சாதாரண கணக்கு" என்ற வரி என்னை எழுத வைத்துவிட்டது.

நிறைக்கும் மார்பகப் புற்றுநோயின் முடிவுக்கும் தொடர்பு உண்டா என்றால் உண்டு. 2014 இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று 82 ஆய்வுகளையும் 213,075 பெண்களையும் ஒன்று சேர்த்துப் பார்த்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முன் உடற்திணிவுச் சுட்டி 30 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, சாதாரண நிறை உடையவர்களோடு ஒப்பிடும்போது, எந்தக் காரணத்தாலேனும் இறக்கும் ஆபத்து 1.41 மடங்கு. மார்பகப் புற்றுநோயாலேயே இறக்கும் ஆபத்து 1.35 மடங்கு. 25 க்கும் 30 க்கும் இடைப்பட்டவர்களுக்கு முதல் எண் 1.07 மட்டுமே.

இந்த 1.41 ஐ எப்படி வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது ஒப்பீட்டு எண். விளக்கத்துக்காக மட்டும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே கட்டத்தில் உள்ள, சாதாரண நிறையுடைய 100 பெண்களில் பத்து வருடங்களில் 10 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிறை கூடிய 100 பேரில் ஏறத்தாழ 14 பேர் இறப்பார்கள். மீதி 86 பேர் இருப்பார்கள். "வெட்டி எடுத்தாலும் திரும்பி வரும்" என்று சொன்னவர் அந்த 86 பேரையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். மறுபக்கம், "நிறையால் ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் சொல்பவர் அந்த நான்கு பேரைத் தள்ளிவிடுகிறார்.

ஏன் இந்த வித்தியாசம்? மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் கொழுப்பிழையத்தில் உள்ள அரோமற்றேஸ் என்ற நொதியம் வேறு ஹோர்மோன்களை ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கூடவே இன்சுலின் கூடுகிறது, மெல்லிய அழற்சி நிலைத்து நிற்கிறது. அம்மாவின் கட்டிக்கு ஈஸ்ட்ரஜன் ஏற்பி இருப்பதால் இது அவரைத் தொடும் விடயம்தான். அதே காரணத்தால், லெட்ரொசோல், அனஸ்ட்ரொசோல் போன்ற, அந்த நொதியத்தையே அடக்கும் மாத்திரைகள் அவருக்கு உதவக்கூடிய நிலையிலும் இருக்கிறார். ஏற்பி உண்டு என்பது கெட்ட செய்தி என்று நினைத்துவிட வேண்டாம்.

நிறை குறைத்தால் ஆபத்து அதே அளவில் இறங்குமா? இது வேறு கேள்வி. பருமனானவர்களின் ஆபத்து கூடுதல் என்பதிலிருந்து, இன்று மெலிந்தால் நாளை ஆபத்து போய்விடும் என்று முடிவெடுக்க முடியாது. அதை அறிய பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படி அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2,437 பெண்களைக் கொண்ட வின்ஸ் சோதனையில் உணவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சில கிலோ மெலிந்தார்கள், நோய் திரும்பியவர்கள் 9.8 சதவீதம். மற்றக் குழுவில் 12.4 சதவீதம். 3,088 பெண்களைக் கொண்ட வெல் சோதனையில் மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிட்டார்கள், கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள், ஆனால் நிறை மாறவில்லை. 2007 இல் முடிவு வந்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து, மெலிந்ததுதான் காரணம் என்று சிலர் வாதிக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் சில கிழமைகளில் 15 கிலோ என்பது இந்தச் சோதனைகள் எதிலும் இல்லாத ஒன்று.

படுவான்கரை:

எல்லோரும் பருமனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பெரியம்மா வாழ்நாள் முழுவதும் வயலில் நாற்று நட்டவர், 43 கிலோவுக்கு மேல் ஏறியதே இல்லை. மார்பிலே கட்டி வந்து, பயத்தினால் ஒரு வருடம் மறைத்து வைத்து, கடைசியில் புண்ணான பிறகு வள்ளத்தில் ஏறி வாவியைக் கடந்து வைத்தியசாலைக்குப் போனார். எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. மெலிந்தவர்களுக்கு இந்த நோய் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது, இப்படியான பேச்சுக்கள் அதற்கு நீர் ஊற்றுகின்றன.

இரண்டாவது, இந்த நிறைப் பேச்சு எப்போதும் பெண்ணின் மேல் குற்றம் சுமத்துவதில்தான் முடிகிறது. அந்த உறவுக்காரர் சொன்னதன் உட்பொருள், "நீ தின்று வரவழைத்தாய்" என்பது. அறிவியல் மொழியில் சொன்னால் மட்டும் அது மாறிவிடுமா?

மூன்றாவது கேள்வி, வந்தாறுமூலை ஐயாவுக்கு. வயலில் வேலை செய்து திரண்ட தோளும், வீட்டிலே இருந்து வளர்ந்த வயிறும் தராசில் ஒரே எண்ணைக் காட்டினால், அந்த எண் எதைத்தான் சொல்கிறது?

வந்தாறுமூலை வாசகன்:

மூன்று கேள்விகளும் நியாயமானவை. கடைசிக் கேள்வியில்தான் இந்த இழையின் தலைப்பே அடங்கியிருக்கிறது, ஆகையால் அதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

மெலிந்தவர்களைப் பற்றி முதலில். நான் சொன்ன அதே தொகுப்பாய்வில், நோய் கண்டறியப்பட்ட ஒரு வருடத்துக்குள் அளந்த நிறையை எடுத்துக்கொண்டால், பருமனானவர்களுக்கு மொத்த இறப்பு ஆபத்து 1.23 மடங்கு, மிக மெலிந்தவர்களுக்கு 1.25 மடங்கு. இரண்டு கரையிலும் ஆபத்து உண்டு. சிலரின் மெலிவு நோயினால் வந்ததாகவே இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உங்கள் பெரியம்மாவின் கதையில் நிறையை விட அந்த ஒரு வருடம்தான் அவரைக் கொண்டுபோயிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தராசின் குறையைப் பற்றி. உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்தின் வர்க்கத்தால் நிறையை வகுப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்து அறிஞர் கெற்றிலே மக்கள் கூட்டத்தை விவரிக்கக் கண்ட வழி. அது கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. ஆசிய உடல்களில், அதே எண்ணுக்கு ஐரோப்பியரை விடக் கொழுப்புக் கூடுதலாக இருப்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் 23, 27.5 என்ற தாழ்ந்த எண்களையும் கவனிக்கச் சொன்னது. 152 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அவை 53 கிலோ, 63.5 கிலோ.

இங்கேதான் படம் உதவிக்கு வருகிறது. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் இருந்த 3,241 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு ஏற்கெனவே எடுத்திருந்த சி.ரி. ஸ்கேன்களை எடுத்து, இடுப்பு முள்ளந்தண்டின் மூன்றாவது எலும்பு இருக்கும் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத் தசை குறைவு. அவர்களின் இறப்பு ஆபத்து 1.41 மடங்கு. மொத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு 1.35 மடங்கு. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களுக்கு 1.89 மடங்கு. (முன் சொன்ன தொகுப்பாய்விலும் இதே 1.41, 1.35 வந்தது வெறும் தற்செயல். என் மாணவர்கள் இரண்டையும் குழப்பி விடைத்தாளில் எழுதுவார்கள்.) உடற்திணிவுச் சுட்டியை மட்டும் பார்த்திருந்தால் இவர்களில் பலர் ஆபத்தில்லாதவர்களாகத் தெரிந்திருப்பார்கள். சாதாரண நிறை என்று எழுதப்பட்ட பெண்ணுக்குத் தசை கரைந்திருக்கலாம். வட்டமிடப்பட்ட 30.3 க்குள் நல்ல தசை இருக்கலாம்.

குற்றம் சுமத்துவதைப் பற்றி எண்களால் பதில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன். நிறையைச் சிகிச்சையின் ஒரு தகவலாகக் கொப்பியில் எழுதுவது ஒரு காரியம், அதைக் கட்டிலருகில் நின்று சொல்வது வேறு காரியம்.

களுவாஞ்சிகுடித் தாதி:

படுவான்கரையில் இருந்து எழுதியவருக்கு ஒரு சிறு குறிப்பு. 35 வயதைத் தொட்ட பெண்கள் தத்தம் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம், பணம் இல்லை. நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். இருந்தும் கிளினிக்கில் கதிரைகள் காலியாகக் கிடக்கும் நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரையம்பதி மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவின் மார்பு அடர்த்தி "பி" என்று எழுதியிருக்கிறது, கதிர்ப்படக்கார ஐயா சொன்னது போலவே. 86 பேர் கணக்கை அம்மாவுக்குத் தாளில் புள்ளி போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பதினாலு பேரும் யாரோட பிள்ளைகள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிட்டார்.

இப்போது புதிய குழப்பம். கொழும்பில் இருக்கும் மாமா, பெற் ஸ்கேன் எடுக்காமல் கீமோ தொடங்கவே கூடாது, அதில் வரும் எண்ணை வைத்துத்தான் குணமாகுமா இல்லையா என்று தெரியும் என்கிறார். காசை அவரே கட்டுவதாகவும் சொல்கிறார். அம்மாவை இரவு பஸ்ஸில் அவ்வளவு தூரம் கூட்டிச் செல்ல எனக்குத் தயக்கம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று வைத்தியரும் ஒருமுறை பேசினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கதிர்ப்படக்காரன்:

மகள், மாமாவின் அன்பை மதிக்கிறேன். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெற் இயந்திரம் வந்ததே பொதுமக்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசில்தான். அந்த இயந்திரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அது எல்லோருக்கும் வேண்டிய பரிசோதனை இல்லை. நோய் உடலின் வேறு பாகங்களுக்குப் பரவியிருக்குமோ என்று வைத்தியருக்கு வலுவான சந்தேகம் வரும்போதும், மற்றப் படங்கள் முடிவு சொல்லாமல் விடும்போதும்தான் அதன் பயன் அதிகம். அம்மாவின் வைத்தியர் கேட்காவிட்டால் நீங்கள் கேட்டு ஓட வேண்டியதில்லை.

மாமா சொல்லும் அந்த எண்ணைப் பற்றி ஒரு விடயம், அது நிறையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பெற் ஸ்கேனில் கதிர்வீச்சு ஏற்றிய சீனியை ஊசியால் செலுத்தி, கட்டி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். ஒருவருக்குச் செலுத்திய அளவையும் அவருடைய நிறையையும் வைத்து அந்த உறிஞ்சலை ஓர் எண்ணாக்குவார்கள். அந்தக் கணக்கு, சீனி உடம்பு முழுவதும் சமமாகப் பரவும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பட்டினியோடு வந்த ஒருவரின் கொழுப்பு அந்தச் சீனியை மிகக் குறைவாகவே எடுக்கும். அதனால் நிறை கூடியவர்களில் மற்ற இழையங்களின் எண் உள்ளதை விடக் கூடித் தெரியும். ஒரே தன்மையுடைய கட்டி, 50 கிலோ உள்ளவரில் ஓர் எண்ணையும் 90 கிலோ உள்ளவரில் அதை விடப் பெரிய எண்ணையும் காட்டலாம். 1993 இலேயே இதைக் கண்டு, கொழுப்பை நீக்கிய உடல் நிறையை வைத்துக் கணக்கிடும் வழியை முன்வைத்தார்கள். கட்டி சிகிச்சைக்குப் பணிகிறதா என்று பெற் படத்தில் பார்க்க 2009 இல் வந்த பேர்சிஸ்ற் என்ற அளவுகோலும் அதையே பின்பற்றுகிறது. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் எண் மறுபக்கம் இறங்கும். ஆகவே வெறும் எண்ணை வைத்து இன்னொருவரோடு ஒப்பிட்டு, "எனக்கு 9, அவருக்கு 6" என்று பயப்படுவதில் பொருள் இல்லை.

எம்.ஆர்.ஐ. வேறு வகை. குப்புறப் படுக்க வைத்து, நிறைக்கு ஏற்ற அளவில் கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்தி, கட்டி அதை எவ்வளவு வேகமாக வாங்கிக் கழுவி விடுகிறது என்று பார்ப்பார்கள். அளவை அல்ட்ராசவுண்டை விடச் சரியாகக் காட்டும், சில வேளை கூட்டியும் காட்டும். அம்மாவுக்குக் கீமோ முதலில் என்பதால் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு: கட்டி மருந்துக்குப் பணிகிறதா என்பதை நடுவிலேயே பார்க்கலாம். அமெரிக்காவில் ஐ-ஸ்பை என்ற ஆய்வில், கையால் தொட்டு அளப்பதை விட எம்.ஆர்.ஐ.யில் காணும் கட்டியின் கனவளவு மாறுவதே சிகிச்சையின் முடிவை நன்றாக முன்கூட்டிச் சொல்லியது என்று 2012 இல் வெளியிட்டார்கள்.

கனவளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை 3 ஆகும்போது, "ஒரு சென்ரிமீற்றர்தானே குறைந்தது" என்று தாய்மார் முகம் வாடிப் போவார்கள். உண்மையில் உருண்டையின் கனவளவில் பாதிக்கு மேல், 58 சதவீதம், போய்விட்டது.

இயந்திரக் குழாயின் விட்டம் சிலதில் 60, சிலதில் 70 சென்ரிமீற்றர். அம்மாவின் உடம்புக்கு இரண்டும் போதும். உடம்பில் உலோகம் ஏதும் வைத்திருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், முதலே சொல்லிவிடுங்கள்.

அக்கரைப்பற்று நானா:

நான் எழுதியதற்கு இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பட்டினி போடச் சொன்னதை மீளப் பெறுகிறேன். மச்சினியிடம் விசாரித்தேன், அவர் மெலிந்தது சத்திரசிகிச்சை எல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகாம், அதுவும் நடந்துதானாம். எனக்குச் சொன்ன கதையில் அந்த ஒரு வருடம் காணாமல் போயிருந்தது. ஆனால் சீனி விடயத்தில் என் அபிப்பிராயம் மாறவில்லை.

களுவாஞ்சிகுடித் தாதி:

நானா, தேநீருக்குச் சீனியைக் குறைப்பதற்கு நானும் உங்களோடு. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, மீனையும் முட்டையையும் பருப்பையும் கூட்டி, வீட்டு வளவில் காலையும் மாலையும் நடந்தால் தசை நிற்கும். எருமைத் தயிரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள்: வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் சட்டித் தயிர் வேண்டாம், மற்ற நாட்களில் பாணி இல்லாமல் சாப்பிடலாம்.

சத்திரசிகிச்சையில் கமக்கட்டுக் கணுக்களை எடுத்தால் அந்தக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு, நிறை கூடியவர்களுக்கு அது இன்னும் அதிகம். இப்போதே இரண்டு கைகளின் சுற்றளவையும் முழங்கைக்கு மேலும் கீழும் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

ஆரையம்பதி மகள்:

நேற்று கிளினிக்குக்குப் போய் வந்தோம். உங்கள் எல்லோருடைய பதில்களையும் தாளில் குறித்துக்கொண்டு போனேன், வைத்தியர் சிரித்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார். பெற் ஸ்கேன் இப்போது தேவையில்லை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.ரி. போதும் என்றார். எம்.ஆர்.ஐ.க்குத் திகதி எழுதித் தந்திருக்கிறார். நிறை நோயின் முடிவில் ஒரு பங்கு வகிக்கும், ஆனால் கணுவில் நோய் இருப்பதும், ஏற்பிகளும், கட்டியின் தரமும், கீமோவுக்குக் கட்டி எப்படிப் பணிகிறது என்பதும் அதைவிட அதிகம் சொல்லும் என்றார். அந்த சி.ரி. படத்தில் தசையை அளப்பீர்களா என்று கேட்டேன். இங்கே வழக்கமாக அளப்பதில்லை, ஆனால் படம் இருக்கும், கேட்டதற்குச் சந்தோசம் என்றார்.

முழு அளவு மருந்தா என்று கேட்டதற்கு, ஆம், உண்மையான நிறைக்குத்தான் என்றார். தாதியம்மா சொன்னபடி உயரத்தையும் புதிதாக அளக்கச் சொன்னேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உயரம் 150, நிறை 67. மூன்று கிழமையில் சாப்பிடாமல் மூன்று கிலோ போயிருக்கிறது. அதைக் கேட்டதும் அம்மா முகத்தில் ஒரு சந்தோசம், அங்கிருந்த தாதி முகத்தில் ஒரு கவலை. மருந்தின் அளவைப் புதிய எண்களுக்குத் திரும்பக் கணக்கிட்டு எழுதினார்கள். 1.67 வந்தது. முதல் தவணை வரும் செவ்வாய்க்கிழமை.

கதிர்ப்படக்காரன்:

நல்லது மகள். எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது பழைய மமோகிராம் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அறிக்கை மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குப் படமே வேண்டும். வெயிலில் வைத்துவிடாதீர்கள்.